பிஸ்லியில் 1000 கஜம்: ஸ்கோப் குமிழைத் தொடும் முன்

வார இறுதியில் என்ன பண்ணினாய் என்று ஊரிலிருந்து போனில் கேட்பவர்களிடம் ரைஃபிள் சுடப் போனேன் என்று சொன்னால், அடுத்து வரும் பேச்சு அநேகமாக இதுதான்: "அதான் ஸ்கோப் இருக்குல்ல மச்சான், பிளஸ் குறியை நடுவுல வச்சு அமுக்கினா முடிஞ்சுது." 100 கஜத்தில் அது ஓரளவு உண்மை. ஆனால் 100 கஜத்துக்குச் சரிசெய்து வைத்த ஸ்கோப்பை அப்படியே வைத்துக்கொண்டு என் .308 ரைஃபிளில் (அந்த எண் குண்டின் விட்டம், அங்குலத்தில்) 1000 கஜத்துப் பலகையை நடுவில் பார்த்துச் சுட்டால், குண்டு ஏறத்தாழ 28 அடி கீழே மண்ணில் போய் இறங்கும். அந்த 28 அடியைச் சரிசெய்வது ஒன்றும் பெரிய விஷயம் இல்லை, கணக்குப் போட்டு ஸ்கோப்பில் இருக்கும் திருத்தக் குமிழைத் திருப்பினால் போதும். அதற்கப்புறம் மிச்சம் இருக்கிற ஐந்தாறு அங்குலம்தான் மனிதனைப் பாடாய்ப் படுத்தும். அதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

நான் இருப்பது இங்கிலாந்தில், சர்ரே பக்கம். புரூக்வுட் ரயில் நிலையத்திலிருந்து கொஞ்ச தூரத்தில் பிஸ்லி கேம்ப். பிரிட்டனின் தேசிய ரைஃபிள் சங்கம் 1859-இல் தொடங்கியது. 1860-இல் விம்பிள்டன் திடலில் நடந்த முதல் போட்டியை விக்டோரியா ராணி, தாங்கியில் பொருத்திய ஒரு விட்வொர்த் ரைஃபிளின் ட்ரிகரில் கட்டிய கயிற்றை இழுத்துத் தொடங்கி வைத்தார். (குறி பார்க்கிற வேலையை முன்பே வேறு யாரோ முடித்து வைத்திருந்தார்கள், அது வேறு கதை.) 1890-இல் எல்லாம் பிஸ்லிக்கு வந்துவிட்டது. செஞ்சுரி என்ற திடலில் 600 கஜம் வரை சுடலாம், ஸ்டிக்கிள்டவுன் என்பது 800 கஜத்தில் தொடங்கி அதற்கு மேல். இந்த நாட்டில் இதற்குள் நுழைய உள்துறை அங்கீகரித்த கிளப்பில் குறைந்தது மூன்று மாதம் தகுதிகாண் உறுப்பினராக இருந்து, பாதுகாப்பு முறைகள் பழகி, அப்புறம் காவல்துறையிடம் உரிமம் வாங்க வேண்டும். இவ்வளவுக்கும் சுடுவது காகித இலக்கைத்தான்.

நான் சுடுவது எஃப்-கிளாஸ். ஜார்ஜ் ஃபார்கார்சன் என்ற கனடாக்காரர் ஆரம்பித்து வைத்த முறை, அவர் பெயரின் முதல் எழுத்துதான் அந்த எஃப். வயதாகி, கண் மங்கி, துளை வழியே பார்க்கும் பார்வைக்குறியும் வாரும் கொண்டு சுட முடியாமல் போகிறவர்களும் தொடர்ந்து சுட வேண்டும் என்று, ஸ்கோப்பையும் முன்னால் ஒரு தாங்கியையும் அனுமதித்தார்கள். சலுகை கொடுத்துவிட்டு இலக்கைச் சிறியதாக்கிவிட்டார்கள். 1000 கஜத்தில் முழு மதிப்பெண் வளையம் வெறும் 10 அங்குல அகலம், அதற்குள் சமநிலை முறிக்க 5 அங்குலத்தில் இன்னொன்று. நான் இருக்கும் பிரிவில் .308 அல்லது .223 மட்டும்தான், இரட்டைக்கால் தாங்கி, மொத்த எடை 8.25 கிலோவுக்குள்.

அளவு முறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு டிகிரியில் 60-இல் ஒரு பங்கு ஒரு மினிட். 100 கஜத்தில் அது 1.047 அங்குலம், 1000 கஜத்தில் 10.47 அங்குலம். என் ஸ்கோப்பில் ஒரு கிளிக், அதாவது குமிழ் நகரும் ஒரு படி, எட்டில் ஒரு மினிட். மில் கணக்கில் வரும் ஸ்கோப்புகளும் உண்டு, அதில் 100 மீட்டருக்கு 10 சென்டிமீட்டர், ஒரு கிளிக் பெரும்பாலும் அதில் பத்தில் ஒரு பங்கு. எது நல்லது என்று மணிக்கணக்காகச் சண்டை போடுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் ஆர்வம் இல்லை. ஆனால் உள்ளே தெரியும் கோடுகள் மில்லிலும் வெளியே திருப்பும் குமிழ் மினிட்டிலும் இருக்கிற ஸ்கோப்பை மட்டும் யாராவது மலிவாகக் கொடுத்தால்கூட வாங்காதீர்கள், நேரம் ஓடிக்கொண்டிருக்கும்போது 3.44-ஆல் பெருக்கிக்கொண்டிருக்க யாராலும் முடியாது.

சரி, காற்றுக்கும் வெயிலுக்கும் போகும் முன் ஸ்கோப்பை நம்பலாமா என்று பார்க்க வேண்டும். புதிதாக வருகிறவர்கள் அதிகம் தவறவிடுகிற கட்டம் இது, ஏனென்றால் பெட்டியில் எட்டில் ஒரு மினிட் என்று அச்சடித்திருந்தால் அது அப்படித்தான் நகரும் என்று நினைக்கிறோம். காற்றில்லாத ஒரு காலையில் 100 கஜத்தில் உயரமான காகிதத்தை மாட்டி, தூக்குக்குண்டு நூலைத் தொங்கவிட்டு அதை ஒட்டி நேர்க்கோடு ஒன்று போடுங்கள். அடியில் ஒரு புள்ளி. அந்தப் புள்ளியைப் பார்த்து மூன்று நான்கு குண்டுகள், அப்புறம் மேல்நோக்கி 30 மினிட் திருப்பி, அதே புள்ளியைப் பார்த்து இன்னும் மூன்று நான்கு. இரண்டு குவியலுக்கும் நடுவே 31.4 அங்குலம் இருக்க வேண்டும். என் ஸ்கோப்பில் அது கொஞ்சம் குறைவாகவே வருகிறது. இரண்டு சதவீதம் குறைந்தால் 1000 கஜத்துக்கு வேண்டிய 32 மினிட்டில் அரை மினிட்டுக்கும் மேல் போய்விடும், அதாவது ஆறு அங்குலத்துக்கும் மேல், அதாவது பத்து அங்குல வளையத்துக்கு வெளியே. இது ஸ்கோப்பின் பெரிய குறை என்று நான் நினைக்கவில்லை. எப்போதும் ஒரே அளவில் குறைவாக நகர்கிற வரைக்கும் அதை போனில் இருக்கும் கணக்குச் செயலியில் போட்டுவிட்டு மறந்துவிடலாம். ஒவ்வொரு முறை ஒவ்வொரு மாதிரி நகர்ந்தால்தான் விற்றுவிட வேண்டும், அல்லது உத்தரவாதத்தில் திருப்பி அனுப்ப வேண்டும்.

அந்த நேர்க்கோடு இன்னொன்றையும் காட்டும். மேலே போன குவியல் கோட்டிலிருந்து பக்கவாட்டில் விலகியிருந்தால் ஸ்கோப் ரைஃபிளில் சாய்வாக உட்கார்ந்திருக்கிறது, அல்லது நீங்கள் ரைஃபிளைச் சாய்த்துப் பிடிக்கிறீர்கள். ஒரே ஒரு டிகிரி சாய்வு, கண்ணுக்கே தெரியாது, ஆனால் 32 மினிட் ஏற்றி வைத்திருக்கும்போது அது 1000 கஜத்தில் கிட்டத்தட்ட ஆறு அங்குலம் பக்கவாட்டில் தள்ளிவிடும். இதைக் காற்று என்று நினைத்துக்கொண்டு ஒரு சீசன் முழுக்கக் காற்றைத் திட்டிக்கொண்டிருப்பவர்களை எனக்குத் தெரியும். ஸ்கோப்பின் குழல் மீது ஒட்டும் சின்ன ரசமட்டக் குமிழி விலை அதிகமில்லை. ஸ்கோப்புக்காக நான் செலவழித்த பணத்தில் அதுதான் அதிகம் உழைத்தது.

ஸ்கோப்புக்கு அடியில் 20 மினிட் சரிவு உள்ள ரயில் (ஸ்கோப்பை ரைஃபிளில் மாட்டும் உலோகப் பட்டை) ஒன்றையும் போட்டுவிடுங்கள். ஸ்கோப்புக்குள் மொத்தம் 60, 70 மினிட் நகர இடம் இருந்தாலும் நடுவிலிருந்து பார்த்தால் மேல்நோக்கிப் பாதிதான் கிடைக்கும், 1000 கஜத்துக்கு அது மயிரிழையில் போதும் போதாது என்று நிற்கும். ரயில் முன்பக்கம் சரிந்திருப்பதால் கீழ்ப்பக்கம் வீணாகும் இடம் மேலே பயன்படுகிறது.

இப்போது கண். ஸ்கோப்பில் மூன்று இடங்களில் கவனம் வைக்க வேண்டும், வரிசை மாறக் கூடாது. முதலில் கண் பக்கத்து வளையம்: வெறும் வானத்தைப் பார்த்து, பிளஸ் குறி சட்டென்று கூர்மையாகத் தெரியும் வரை திருப்பி, அப்படியே விட்டுவிட வேண்டும். அப்புறம் பக்கவாட்டுக் குமிழால் இலக்கைத் தெளிவாக்கி, தலையை மெல்ல மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள், ரைஃபிளைத் தொடாமல். பிளஸ் குறி இலக்கின் மேல் நகர்ந்தால் இன்னும் கொஞ்சம் திருப்ப வேண்டும். அந்தக் குமிழில் அச்சடித்திருக்கும் தூர எண்களை நம்பாதீர்கள், இலக்கு தெளிவாகத் தெரிவதையும் முழுக்க நம்பாதீர்கள், குறி நகராமல் நிற்பது மட்டும்தான் கணக்கு. காலையில் சரிசெய்தது மதியம் வெயில் ஏறிய பிறகு மாறியிருக்கும், மறுபடி பாருங்கள். மூன்றாவது பெரிதாக்கும் அளவு. 50 மடங்கு வரை போகும் ஸ்கோப் வாங்கிவிட்டோம் என்பதற்காக 50-இலேயே வைத்திருக்க வேண்டியதில்லை. கோடையில் தரைச்சூட்டில் இலக்கு தண்ணீருக்குள் கிடப்பது போல நெளியும்போது 25-க்கு இறக்கினால் நெளிவும் சேர்ந்து சிறியதாகிவிடும், மனதும் அமைதியாகும்.

உயரக் கணக்குக்கு வருவோம், இது புத்தகக் கணக்கு. 155 கிரெயின் (சுமார் 10 கிராம்) குண்டு விநாடிக்கு 2950 அடி வேகத்தில் கிளம்பினால் 800 கஜத்துக்கு 22, 900-க்கு 27, 1000-க்கு 32 மினிட் பக்கம் வரும். செயலி இதைத் தசமத்தோடு சொல்லும், ஆனால் அதற்கு நாம் கொடுக்கும் வெப்பநிலையும் காற்றழுத்தமும் சரியாக இருக்க வேண்டும். வானிலை அறிக்கையில் வரும் அழுத்தம் கடல்மட்டத்துக்கு மாற்றிச் சொன்ன எண், நீங்கள் படுத்திருக்கும் இடத்தின் உண்மையான அழுத்தம் அல்ல. பிஸ்லி தாழ்வான இடம் என்பதால் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை, யாருக்கும் உறைக்காது. 2013-இல் எஃப்-கிளாஸ் உலகப் போட்டி நடந்த அமெரிக்காவின் ராட்டன் போன்ற ஏறத்தாழ 2000 மீட்டர் உயர இடத்தில் அதே எண்ணைப் போட்டால் நான்கைந்து மினிட் மேலே போய்விடும், பலகையிலேயே விழாது. காற்று அங்கே அவ்வளவு மெலிந்தது.

வெப்பநிலைக்குப் பழைய ஆட்கள் ஒரு கைக்கணக்கு வைத்திருக்கிறார்கள்: 20 ஃபாரன்ஹீட் மாறினால், அதாவது 11 செல்சியஸ், 1000 கஜத்தில் ஒரு மினிட். சூடானால் மேலே போகும், குளிர்ந்தால் கீழே இறங்கும். இதில் ஒரு பங்கு காற்றின் அடர்த்தி, இன்னொரு பங்கு வெடிமருந்து. மருந்து சூடானால் வேகம் கூடும், விநாடிக்கு 30 அடி வித்தியாசம் வந்தால் 1000 கஜத்தில் முக்கால் மினிட் போல இடம் மாறும். ஆகவே தோட்டாப் பெட்டியை வெயிலில் திறந்து வைக்காதீர்கள், பாய்க்கு அடியிலோ ஒரு வெள்ளைத் துணிக்குக் கீழோ வையுங்கள். அதைவிட முக்கியம், பத்துக் குண்டு சுட்டுச் சூடேறிய குழலுக்குள் தோட்டாவைப் போட்டுவிட்டு காற்று மாறட்டும் என்று அரை நிமிடம் காத்திருக்காதீர்கள். மருந்து அந்த அரை நிமிடத்தில் வெந்துகொண்டிருக்கும். அடுத்த குண்டு அரை மினிட் மேலே விழும், நீங்கள் அதைக் காற்றின் கணக்கில் எழுதிவிடுவீர்கள். காத்திருக்க வேண்டும் என்றால் போல்ட்டை (குழலின் பின்பக்கத்தை மூடும் தாழ்) திறந்து வைத்துக் காத்திருங்கள்.

ஈரப்பதம் பற்றி நிறைய கேட்கிறார்கள். ஈரக்காற்று உலர்காற்றைவிட லேசானது என்பதே பலருக்கு ஆச்சரியம். ஆனால் விளைவு மிகச் சிறியது, விட்டுவிடுங்கள். பூமியின் சுழற்சியும் அப்படித்தான், 1000 கஜத்தில் மூன்று அங்குலம் போல வலப்பக்கம் தள்ளும், அதே திடலில் அதே திசையில் சுடும்வரை அது உங்கள் பூஜ்யத்துக்குள்ளேயே (காற்றில்லாதபோது குண்டு நடுவில் விழும் குமிழ் நிலை) கரைந்துவிடும். குண்டு தன் சுழற்சியால் வலப்பக்கம் நகர்வது இதைவிடப் பெரிது, முக்கால் மினிட்டிலிருந்து ஒரு மினிட். அதற்கு ஒரே மருந்து, காற்றில்லாத அதிகாலையில் 1000 கஜத்திலேயே பக்கவாட்டுப் பூஜ்யத்தைப் பார்த்துக் குறித்து வைப்பது. அப்படியொரு காலை பிஸ்லியில் அபூர்வம், கிடைத்தால் தூக்கத்தைப் பார்க்காதீர்கள்.

இனிமேல்தான் உண்மையான வேலை. என் குண்டுக்கு, நேர் குறுக்காக அடிக்கும் மணிக்கு ஒரு மைல் காற்று, 1000 கஜத்தில் ஒன்பது அங்குலம் தள்ளும். முழு மதிப்பெண் வளையத்தின் நடுவிலிருந்து விளிம்புக்கு ஐந்து அங்குலம்தான். மணிக்கு அரை மைல் தப்பாகக் கணித்தால் நீங்கள் விளிம்பில். அரை மைல் காற்று என்பது கன்னத்தில் பட்டாலும் தெரியாத காற்று! கையில் பிடிக்கும் காற்றுமானி நீங்கள் படுத்திருக்கும் இடத்தை மட்டும் சொல்லும், மீதி 900 கஜத்துக்கு அது ஊமை. அதனால் அதை ஆரம்பக் கணிப்புக்கு மட்டும் வைத்துக்கொண்டு, அப்புறம் திடல் நெடுக நட்டிருக்கும் கொடிகளுக்குப் போக வேண்டும்.

கொடியில் வேகத்தைவிடக் கோணம் முக்கியம் என்பது எனக்கு மெதுவாகத்தான் பிடிபட்டது. குண்டு போகும் பாதைக்கு 90 டிகிரியில் வரும் காற்று முழுக் காற்று. 30 டிகிரியில் வந்தால் பாதி. 45 டிகிரி என்றால் பாதி என்று நிறையப் பேர் மனதில் வைத்திருக்கிறார்கள், அது தப்பு, பத்தில் ஏழு பங்கு. எதிர்க்காற்றாக நேரே முகத்தில் அடித்தால் பக்கவாட்டுத் திருத்தமே வேண்டாம், நிம்மதி என்று தோன்றும். அதுதான் மிக மோசமான காற்று. 10 மைல் எதிர்க்காற்று 15 டிகிரி இடமும் 15 டிகிரி வலமுமாக ஊசலாடினால், குறுக்கில் அது இரண்டரை மைல் இடம், இரண்டரை மைல் வலம். இரண்டு பக்கமும் இரண்டு அடி. கொடியின் நுனி சற்று அசைந்தது போல்தான் தெரியும், நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கிறவருக்கு எதுவுமே மாறவில்லை. அதே 10 மைல் நேர் குறுக்கே அடித்து 15 டிகிரி ஊசலாடினால் அரை மைல்கூட வித்தியாசம் வராது. ஆக, பலமான குறுக்குக் காற்று பயமுறுத்தும், ஆனால் சுடுவதற்கு எளிது. மென்மையான எதிர்க்காற்றில்தான் மதிப்பெண் கரையும்.

மழையில் நனைந்த கொடி கனத்துத் தொங்கும். காற்று குறைந்துவிட்டது என்று தோன்றும், குறைந்திருக்காது. அப்போது புல்லையும் தூரத்து மரங்களையும் மழைத்தூறல் சாயும் கோணத்தையும் பார்க்க வேண்டியிருக்கும்.

வெயில் நாளில் கானல் கொடியைவிட நல்ல சாட்சி. பக்கத்தில் வைத்திருக்கும் ஸ்பாட்டிங் ஸ்கோப்பை (பார்ப்பதற்கு மட்டுமான தனித் தொலைநோக்கி) இலக்கில் தெளிவாக்கிவிட்டு, பிறகு இலக்கு சற்று மங்கும் அளவுக்குக் குவியத்தை முன்னே இழுத்தால், பாதி வழியில் இருக்கும் காற்று ஆறு மாதிரி ஓடுவது தெரியும். மெதுவாகச் சாய்ந்து போனால் மெல்லிய காற்று, தட்டையாக விரைந்தால் வேகம் கூடியிருக்கிறது, பன்னிரண்டு மைலுக்கு மேல் போனால் பெரும்பாலும் எதுவும் படிக்க முடியாது. ஓட்டம் நின்று செங்குத்தாகக் கொதிக்கத் தொடங்கினால் கையை ட்ரிகரிலிருந்து எடுத்துவிடுங்கள். காற்று திசை மாறப் போகிறது என்று அர்த்தம், இடமா வலமா என்று அடுத்த சில விநாடிகளில் தெரிந்துவிடும். கானலில் இன்னொரு தொல்லை, இலக்கின் பிம்பமே காற்றுப்போக்கில் கொஞ்சம் இடம்பெயர்ந்து தெரியும், நீங்கள் குறி பார்ப்பது இலக்கை அல்ல, அதன் நிழலை. சூடான குழலிலிருந்தே ஒரு நெளிவு எழும்பி ஸ்கோப்புக்கு முன்னால் போகும், அதற்குக் குழல் மேல் நீளமாக ஒரு துணிப்பட்டையைக் கட்டிவிட்டால் சரியாகிவிடும்.

குறுக்குக் காற்று உயரத்தையும் மாற்றும் என்பது புதிதாகக் கேட்கிறவர்களுக்கு விசித்திரமாக இருக்கும். வலச்சுழி குழலில் (உள்ளே இருக்கும் சுருள் வரிகள் குண்டை வலமாகச் சுழற்றும் குழல்), வலமிருந்து வரும் காற்று குண்டை இடப்பக்கம் தள்ளிக் கொஞ்சம் மேலே ஏற்றும், இடமிருந்து வந்தால் வலப்பக்கம் தள்ளிக் கொஞ்சம் கீழே இறக்கும். 10 மைலுக்கு மூன்றில் ஒரு மினிட் போல இருக்கும். இலக்குத்தாளில் குவியல் கிடைமட்டமாகப் பரவாமல் கடிகாரத்தின் 10 மணியிலிருந்து 4 மணியை நோக்கிச் சாய்வாகப் பரவியிருந்தால் ரைஃபிளில் கோளாறு தேட வேண்டாம், காற்றைத் தப்பாகக் கணித்திருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

பிஸ்லியில் ஒரே இலக்கில் இருவரோ மூவரோ மாறி மாறிச் சுடுவோம். ஒருவர் சுடும்போது மற்றவர் மதிப்பெண் எழுதுவார். உங்கள் முறை வந்ததும் 45 விநாடி. முதல் இரண்டு குண்டு சோதனைக்கு, பிடித்திருந்தால் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம். இந்த முறையில் ஒரு பெரிய வசதி உண்டு, கூட்டாளியின் குண்டு எங்கே விழுந்தது என்று உங்களுக்கும் தெரியும், அதுவும் அதே காற்றில். என்னோடு அடிக்கடி ஜோடி சேரும் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் தன் முறை முடிந்து என் மதிப்பெண்ணை எழுதும் நேரத்திலும் கண்ணைக் கொடியிலிருந்து எடுக்க மாட்டார். ஒரு நாள் கேட்டேன், எப்படி உங்களுக்கு மட்டும் குண்டு உள்ளேயே விழுகிறது என்று. "நீ குண்டு விழுந்த இடத்தைப் பார்த்துக் குமிழைத் திருப்புகிறாய், நான் கொடியைப் பார்த்துத் திருப்புகிறேன்" என்றார். கோபமாக வந்தது, ஆனால் அவர் சொன்னது சரி.

ஏன் சரி என்பதற்குக் கணக்கே இருக்கிறது. காற்றே இல்லாத ஒரு நாளிலும் ரைஃபிளும் தோட்டாவும் கையும் சேர்ந்து குண்டுகளைக் கொஞ்சம் சிதறடிக்கும். ஒவ்வொரு குண்டு விழுந்ததும் அது நடுவிலிருந்து எவ்வளவு விலகியதோ அவ்வளவையும் குமிழில் திருத்திக்கொண்டே போனால், சிதறல் குறையாது, 1.4 மடங்கு கூடும். எதுவும் செய்யாமல் சும்மா இருந்திருந்தாலே நல்லது. ஆகவே நான் வைத்திருக்கும் வழக்கம் இது. உயரக் குமிழை ஒரே ஒரு குண்டுக்காகத் தொடுவதில்லை, அடுத்தடுத்து இரண்டு குண்டு ஒரே பக்கம் விலகினால் மட்டும் கால் மினிட், அதற்கு மேல் இல்லை. பக்கவாட்டில் விஷயம் வேறு: கொடி மாறியிருந்தால் முந்தைய குண்டு அட்டகாசமாக நடுவில் விழுந்திருந்தாலும் மாற்றத்தான் வேண்டும், கொடி மாறாமல் குண்டு மட்டும் விலகியிருந்தால் முதலில் என்னைத்தான் சந்தேகப்படுவேன், ட்ரிகரை வெடுக்கென்று இழுத்தேனா, ரசமட்டத்தைப் பார்த்தேனா, தோள் நகர்ந்ததா. இதில் எதுவும் இல்லை என்று நிச்சயமானால் அப்போது விலகலில் பாதியை மட்டும் திருத்துவேன்.

குமிழைத் திருப்புவதா, பிளஸ் குறியைத் தள்ளிப் பிடிப்பதா என்று ஒரு கேள்வி எப்போதும் வரும். உயரத்தைத் திருப்பித்தான் ஆக வேண்டும். காற்றில் நான் இரண்டையும் கலக்கிறேன். சுடத் தொடங்கும் முன் சில நிமிடம் கொடிகளைப் பார்த்து, இன்றைக்குக் காற்றின் குறைந்த அளவு எது, கூடிய அளவு எது, அதிக நேரம் நிற்பது எது என்று பிரித்துக்கொண்டு, அதிக நேரம் நிற்கும் காற்றுக்குக் குமிழைத் திருப்பி வைத்துவிடுவேன். அதற்கப்புறம் சின்னச் சின்ன மாற்றங்களுக்குக் குறியைத் தள்ளிப் பிடிப்பேன், இலக்கின் வளையங்களே அளவுகோல், நடுவிலிருந்து முழு மதிப்பெண் வளையத்தின் விளிம்பு அரை மினிட். 45 விநாடியில் குமிழைத் திருப்பி, எண்ணைச் சரிபார்த்து, மறுபடி கன்னத்தை வைத்து, அதற்குள் காற்று மாறி… அதைவிடத் தள்ளிப் பிடிப்பது வேகம். ஆனால் ஒரு மினிட்டுக்கு மேல் தள்ளிப் பிடிக்க வேண்டி வந்தால் அடுத்த முறைக்குள் குமிழில் ஏற்றிவிடுவேன். வெள்ளைப் பகுதியில் குறியை வைத்துக்கொண்டு துல்லியம் பேச முடியாது.

திருப்பும்போது எந்தப் பக்கம் என்பதில் குழப்பம் வராத ஆள் இல்லை. குமிழில் வலம் என்று போட்டிருந்தால் குண்டு வலப்பக்கம் நகரும். காற்று இடமிருந்து வந்தால் குண்டு வலப்பக்கம் தள்ளப்படும், ஆகவே இடப்பக்கம் திருப்ப வேண்டும், அதாவது காற்று வரும் திசையை நோக்கி. சிலர் ரைஃபிளின் பின்பகுதியில் ஓர் அம்புக்குறியை ஒட்டி வைத்திருப்பார்கள், சிரிக்காதீர்கள், நானும் ஒட்டியிருக்கிறேன். ஒரு முழுச் சுற்று கூடுதலாகவோ குறைவாகவோ நின்றுவிடும் ஆபத்தும் உண்டு, 800-இலிருந்து 1000-க்கு மாறிவிட்டு மறுபடி இறங்கும்போது. பூஜ்யத்தில் நிற்கும் தடுப்பு உள்ள ஸ்கோப் என்றால் கவலை இல்லை, இல்லாதவர்கள் திடலை விட்டுக் கிளம்பும் முன் பூஜ்யத்துக்குத் திருப்பிவிடுங்கள்.

மழையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது இங்கிலாந்து. கண்ணாடியில் துளி விழுவதைவிட நம் மூச்சுக்காற்றுதான் பெரிய எதிரி, குளிர்நாளில் பின்பக்கக் கண்ணாடி நம் மூச்சாலேயே மங்கிவிடும். மூச்சை மூக்கு வழியாகக் கீழ்நோக்கி விடப் பழகுங்கள், காரின் சூட்டிலிருந்து எடுத்த ஸ்கோப்பைக் கொஞ்ச நேரம் வெளியில் வைத்துப் பழக்கிவிட்டுப் பயன்படுத்துங்கள். தோட்டா நனைவது வேறு ரகம், அது மதிப்பெண் பிரச்சினை அல்ல, பாதுகாப்புப் பிரச்சினை. ஈரத் தோட்டா குழலறையின் (குழலில் தோட்டா உட்காரும் இடம்) சுவரைப் பற்றிக்கொள்ளாமல் பின்னால் உந்தும், போல்ட் மேல் விசை கூடும், போல்ட்டைத் திறக்கவே கடினமாகும். குண்டும் உயரத்தில் இடம் மாறி விழும். நனைந்ததைத் துடைத்துவிட்டுத்தான் போட வேண்டும், குழலறை நனைந்திருந்தால் அன்றைக்கு நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போகலாம்.

எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதுங்கள், செயலியில் எழுதினாலும் சரி. தேதி, தூரம், வெப்பநிலை, அழுத்தம், உயரக் குமிழின் எண், கொடி எப்படி இருந்தது, எவ்வளவு திருத்தினீர்கள், உண்மையில் எவ்வளவு வேண்டியிருந்தது. கடைசி இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் பொன். என் நோட்டைப் புரட்டினால் வலமிருந்து வரும் காற்றை நான் எப்போதும் குறைத்தே மதிப்பிடுவது தெரிகிறது, இடக்காற்றில் அந்தக் கோளாறு இல்லை. ஏன் என்று புரியவில்லை, சுழற்சியால் வரும் நகர்வைப் பூஜ்யத்தில் சரியாகக் கழிக்கவில்லையோ என்று இப்போது சோதித்துக்கொண்டிருக்கிறேன்.

நோட்டுக்கும் வயதாகும். .308 குழல் சில ஆயிரம் குண்டுகள் தாங்கும், வேகமான ரகங்களில் அதில் பாதிகூடத் தாங்காது. தொண்டைப்பகுதி, அதாவது குண்டு குழலுக்குள் நுழையும் இடம், தேயத் தேய வேகம் மெல்லக் குறையும், போன கோடையில் 32 மினிட்டில் நடுவில் விழுந்தது இந்தக் கோடையில் அரை மினிட் கீழே விழும், வெப்பநிலையும் அழுத்தமும் அதேதான். அப்போது செயலியில் குண்டின் காற்றுத் தடை எண்ணைக் கிள்ளிக் கிள்ளி மாற்றிப் பொருத்தப் பார்க்காதீர்கள், 1000 கஜத்துக்குப் பொருந்தி 800-க்குப் பொருந்தாமல் போகும். வேகமானியைக் கடன் வாங்கியாவது வேகத்தை மறுபடி அளந்து அதை மட்டும் மாற்றுங்கள். வேகமானி வைத்திருப்பவர் உங்கள் கிளப்பிலேயே ஒருவராவது இருப்பார், கேட்டால் தருவார்கள்.